‘போஷ்’ என்ற சொல் கப்பல் டிக்கெட்டிலிருந்து வந்ததா?

நெல்லை அம்மா:
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் திங்கட்கிழமை பிரேயரில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். ‘போஷ்’ என்பதை எடுத்திருக்கிறாள். போஷ் ஏரியா, போஷ் ஹோட்டல் என்று நாமும் சொல்கிறோமே, அதுதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வரும் பணக்காரர்கள் வரும்போது இடப்பக்க அறையும், திரும்பும்போது வலப்பக்க அறையும் எடுப்பார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரை குத்தியதால் இந்தச் சொல் வந்ததாம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. நம்பிச் சொல்லலாமா?

பழைய மாலுமி, தூத்துக்குடி:
சொல்லின் பிறப்பு அது இல்லை, தங்கச்சி. ஆனால் கதையில் வரும் வெயில் சமாச்சாரம் உண்மை. சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தவன் நான், செங்கடலில் பல தடவை போயிருக்கிறேன். சூயஸிலிருந்து ஏடன் பக்கம் தெற்கே இறங்கும்போது இடப்பக்கம், அதாவது போர்ட், கிழக்கைப் பார்த்திருக்கும். வலப்பக்கத்து இரும்புத் தகட்டில் மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் அறையும். ராத்திரி வாட்ச் முடிந்து வந்து கேபின் சுவரில் கை வைத்தால் அப்போதும் சூடு இறங்கியிருக்காது. ஏசி கோளாறானால் அந்தப் பக்கம் படுக்கவே முடியாது, தலையணையோடு டெக்குக்குப் போய்விடுவோம். வடக்கே திரும்பி ஏறும்போது எல்லாம் தலைகீழ். ஏசி இல்லாத காலத்தில் நிழல் பக்கத்து அறைக்குப் போட்டி இருந்திருக்கும் என்பதை நான் நம்புவேன்.

சொல்லுக்கு வருவோம். இந்தக் கதை பி அண்ட் ஓ என்ற கப்பல் கம்பெனியைப் பற்றியது. 1840இல் அரச சாசனம் பெற்ற பெரிய கம்பெனி. ஆனால் அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இந்த விளக்கம் அச்சில் தலைகாட்டியதே 1935 வாக்கில்தான். சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் பற்றி 1914இல் வந்த ஒரு நூலில், குதிரைப்படைக்காரர்கள் சமயம் கிடைத்தால் ‘போஷ்’ உடுப்பு போட்டுக்கொள்வார்கள் என்று வருகிறது. உயர்ந்த உடுப்பு என்று அர்த்தம். கப்பல் பேச்சே அதில் இல்லை.

சொல்தேடி:
மாலுமி ஐயா சொன்னதற்கும் பின்னால் போகலாம். 1890 வாக்கில் வந்த கொச்சைமொழி அகராதியில் போஷ் என்றால் காசு, அதிலும் அரைப் பென்னி. பகட்டாக உடுத்தும் ஆளுக்கும் அதே சொல். இங்கிலாந்தில் வாழ்ந்த ரோமா மக்களின் மொழியில் போஷ் என்றால் ‘பாதி’, அரைப் பென்னிக்கு அங்கிருந்துதான் பெயர் வந்தது என்கிறார்கள். ரோமானி மொழி இந்தியோடு சொந்தபந்தம் உள்ள இந்தோ-ஆரிய மொழி. அந்த மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து மேற்கே போனவர்கள். காசு பகட்டாகி, பகட்டு சொகுசானது என்ற வழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அகராதிக்காரர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை, அதையும் உங்கள் மகள் சேர்த்தே சொல்லட்டும்.

நெல்லை அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்போ கப்பல் கதையை விட்டுவிடச் சொல்லவா?

பழைய மாலுமி, தூத்துக்குடி:
விட வேண்டாம். கதையைச் சொல்லட்டும், வரைபடத்தில் செங்கடலைக் காட்டி எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று பிள்ளைகளையே கேட்கட்டும். அப்புறம் 1914, 1935 இரண்டையும் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்று யாராவது கிளப்புவார்கள். அது ‘நியூ’ என்ற சொல்லிலிருந்து வந்த பன்மை என்று பதில் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.