கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது: எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா?

முகப்புத்திண்ணை, கானாடுகாத்தான்

வணக்கம். கம்ப்யூட்டரும் கரண்டும் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

சென்னையில் இருந்தபோது பார்ட் பார்ட்டாக வாங்கி நானே சேர்த்த டெஸ்க்டாப் இது. ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). அங்கே இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஊருக்கே கொண்டுவந்து, வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய அறையில் வைத்திருக்கிறேன். வீடு ஐயாவின் அப்பா காலத்தில் கட்டியது.

வந்த நாளிலிருந்து கேபினெட்டின் பின்பக்கத் திருகு, யுஎஸ்பி ஓட்டையின் விளிம்பு, எச்டிஎம்ஐ கேபிளின் முனை, எதைத் தொட்டாலும் சுருக்கென்று அடிக்கிறது. தூக்கி எறியும் ஷாக் இல்லை, ஊசி குத்துகிற மாதிரி. செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. காலையில் தரை துடைத்த ஈரம் இருக்கும்போது அதிகமாக அடிக்கிறது. டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் விளக்கு எரிகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடும்போது என் மைக்கில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருவதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

மற்றபடி மெஷினில் குறை இல்லை. ரீஸ்டார்ட் ஆவதில்லை, சூடும் ஏறுவதில்லை. கடையில் காட்டினேன். எஸ்எம்பிஎஸ் லீக் ஆகிறது, புதிது போடுங்கள் என்றார்கள். செலவு செய்யத் தயார்தான், ஆனால் சென்னையில் அடிக்காதது இங்கே மட்டும் ஏன் அடிக்கிறது? அப்பத்தா பயந்துபோய் அக்கா பிள்ளைகளை அந்த அறைப்பக்கமே விடுவதில்லை. அதனால் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

ஃப்ரேம்ரேட் தம்பி, காரைக்குடி

அண்ணே, எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருடம்கூட மாற்றிக்கொள்ளலாம், எஸ்எம்பிஎஸ் போனால் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உங்களுடையது பழையது என்றால் 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று) உள்ள ஒன்று வாங்கிப் போடுங்கள். உங்கள் கார்டுக்கு 550 வாட் தாராளம், வாட்டை ஏற்ற வேண்டாம், தரத்தை ஏற்றுங்கள்.

புதுவயல் வாசகன்

நாற்காலிக்குக் கீழே ரப்பர் மேட் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

இயற்பியல் டீச்சர், தேவகோட்டை

தம்பி, எஸ்எம்பிஎஸ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சென்னையில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்களே, பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மெஷின் மாறவில்லை, வீடுதான் மாறியிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டு நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸுக்கும் (கரண்டு வரும் கம்பி) கேபினெட் தகரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் (கரண்டு திரும்பும் கம்பி) தகரத்துக்கும் நடுவில் இன்னொன்று. ஒய் கெபாசிட்டர் என்பார்கள். எஸ்எம்பிஎஸ் வேகவேகமாக ஸ்விட்ச் ஆகும்போது கிளம்பும் இரைச்சலை எர்த்துக்கு, அதாவது மண்ணுக்கு, கடத்திவிடுவதற்காக வைத்தது. எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லையென்றால் தகரம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும். 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட். டெஸ்டர் எரிவது அதனால்தான்.

115 வோல்ட் இருந்தும் ஏன் தூக்கி எறியவில்லை? அந்தக் கெபாசிட்டர் மிகக் கொஞ்சம் கரண்டைத்தான் விடும். 4.7 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.34 மில்லியாம்பியர் வரும். மனித உடம்புக்கு உறைப்பது ஏறக்குறைய அரை மில்லியாம்பியரில். ஆனால் உங்கள் மேசையில் மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் கேபிள் வழியாக ஒரே தகரத்தில் சேர்கின்றன. ஒவ்வொன்றின் கசிவும் கூடி அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் உங்கள் தரை. ஆத்தங்குடிக் கல் என்றுதான் நினைக்கிறேன். அது சூளையில் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றிய டைல்ஸ் இல்லை. கண்ணாடி மேல் வண்ண சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. ஈரம் உறிஞ்சும். துடைத்த தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது நீங்களே எர்த் கம்பியாகிவிடுகிறீர்கள். மைக் இரைச்சலும் இதே கசிவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

புது எஸ்எம்பிஎஸ்ஸிலும், கோல்டாகவே இருந்தாலும், இதே ஃபில்டர்தான் இருக்கும். அதனால் முதலில் பிளக் பாயிண்டை அளந்து பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும் வேண்டும். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் வயர்மேனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியென்றால் முதல் இரண்டும் 230-ஐ ஒட்டி ஒன்றுபோல் இருக்கும், மூன்றாவது ஓரிரு வோல்ட்டில் நிற்கும். கேபினெட்டில் பாதி வோல்ட் இல்லாமல் முழு 230-ஐ ஒட்டி வந்தால் அது வேறு கதை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுதுங்கள்.

முகப்புத்திண்ணை, கானாடுகாத்தான்

நன்றி டீச்சர். வயர்மேனை வரவழைத்து அளந்தாயிற்று. கம்ப்யூட்டர் ஓடும்போது அது சொருகியிருக்கும் ஸ்பைக் பஸ்டரின் (மின் எகிறலைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை) பக்கத்து ஓட்டையில் ஃபேஸ்-நியூட்ரல் 228, ஃபேஸ்-எர்த் 112, நியூட்ரல்-எர்த் 114. நீங்கள் சொன்ன பாதி அப்படியே வருகிறது.

மெயினை இறக்கிவிட்டு ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். மூன்று பின் சாக்கெட்தான், ஆனால் எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீடு முழுக்கத் தேக்கு கேசிங்கில் (வயரை மூடும் மரச்சட்டம்) இரண்டே கம்பிதான் ஓடுகிறது. பழைய ரெண்டு பின் சாக்கெட்டை எடுத்துவிட்டு மூன்று பின்னை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அடுப்படி பக்கமும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ், கிரைண்டர் இரண்டும் எர்த் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கல்லல் பக்கம்

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? சாக்கெட்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடச் சொல்லுங்கள். ஷாக் உடனே நின்றுவிடும், மீட்டரிலும் எல்லாம் சரியாகக் காட்டும்.

ஒயர்மேன் அண்ணன், திருப்பத்தூர் ரோடு

தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். கல்லல் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஆளைக் கொல்லும் வேலை இது.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீங்கான் ஃபியூஸ் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் என்ன ஆகும்? விளக்கு, ஃபேன் எல்லாம் நின்றுவிடும். கரண்டு போய்விட்டது என்றுதான் வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கிறது. போட்டிருக்கும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாக வந்து நியூட்ரல் கம்பியில் நிற்கிறது. அதை நீங்கள் எர்த் முனையோடு சேர்த்துவைத்திருந்தால் கம்ப்யூட்டர் தகரத்துக்கு, கிரைண்டர் உடம்புக்கு, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு 230 வோல்ட் வந்துவிடும். அதைத் தடுக்கக் கெபாசிட்டர் எதுவும் நடுவில் கிடையாது. ஈரத் தரையில் நின்று யார் தொட்டாலும் முடிந்தது. ஏதோ ஒரு ரிப்பேரில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலும் இதே கதிதான்.

ரப்பர் மேட்டும் தீர்வு ஆகாது. நாற்காலிக்குக் கீழே மேட் இருக்கும், ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும்.

தம்பி, முறையான எர்த் குழி ஒன்று போடுங்கள். 40 மி.மீ. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 2.5 மீட்டர் நீளம், கீழ்ப்பகுதியில் ஓட்டை போட்டது. சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் குழி எடுத்து, பைப்பைச் சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட வேண்டும். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், அதைச் சுற்றிச் சின்னத் தொட்டி கட்டி மூடி. நம் செம்மண்ணும் செம்பராங்கல்லும் சித்திரை, வைகாசியில் காய்ந்து கல்லாகிவிடும், காய்ந்த மண் கரண்டை இறக்காது. அதனால் இடம் பார்ப்பதுதான் முக்கியம். வளவு முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் பின்பக்கம் வெளியேறுகிறதோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் குழி எடுத்தால் ஈரம் நிற்கும். கோடையில் புனலில் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

குழி போட்டதும் எர்த் மெக்கரால் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. வரவில்லையென்றால் தள்ளி இன்னொரு பைப் இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும். பிறகு மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று. அது ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் அறுத்துவிடும். குழியைவிட அவசரம் அதுதான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள், முதல் வேலையாக அதை மாட்டுங்கள்.

துருவும் உப்பும்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டாம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பைப்பின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். தாமிரக் கம்பியை மண்ணுக்குள் நேராக ஜிஐ பைப்பில் முறுக்குவதும் தவறு. இரண்டு உலோகம், நடுவில் ஈர மண் என்றால் அது ஒரு மின்கலம், கரைவது ஜிஐ பைப்தான். மண்ணுக்குள் ஜிஐ பட்டையோ ஜிஐ கம்பியோ போதும். தாமிரத்தோடு சேரும் இடம் மண்ணுக்கு மேலே, காய்ந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். 1953-ல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியில்தான் இருக்கிறது, உலோக அரிப்பு அங்கே பெரிய ஆராய்ச்சித் துறை. அந்த ஊர்ப் பக்கத்து எர்த் பைப்புகள் இப்படி வீணாகத் துருப்பிடிப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆத்தங்குடி ஆச்சி மகள்

வயரிங்காரர் உளியை எடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் பளிங்கு மாதிரி வழவழப்பாக இருக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு இன்றைக்கு நினைத்தவுடன் திரும்பப் பூசக்கூடியது அல்ல. ஒரு கோடு கொத்திவிட்டு சிமெண்ட் வைத்து அடைத்தால், நிறமும் சேராது, பிடிப்பும் சேராது, சில மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். தரைக்கல்லையும் பெயர்க்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் தேக்கு கேசிங்கின் மேல் விளிம்பை ஒட்டியே எர்த்துக்கான பச்சை வயரைக் கிளிப் வைத்து ஓட்டினோம். கீழே நின்று பார்த்தால் தெரியாது. பங்காளி வீடு என்றால் வேலை தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நல்ல காரியம்தான், யாரும் மறுக்க மாட்டார்கள்.

இயற்பியல் டீச்சர், தேவகோட்டை

குழி வேலை முடியும் வரை ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்ஐ கேபிளை, முக்கியமாகக் கேபிள் கனெக்‌ஷன் உள்ள டிவியோடு, கரண்டு ஓடும்போது சொருகாதீர்கள். டிவியின் கேபிள் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும், உங்கள் தகரம் 115 வோல்ட்டில் நிற்கிறது. சொருகும் நொடியில் அந்த வித்தியாசம் பாய்ந்து கிராபிக்ஸ் கார்டின் போர்ட் போய்விடலாம். இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் சொருகுங்கள். ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று ஐப்பசி இடியில் தைரியமாக ஆடவும் வேண்டாம். மின்னல் எகிறலை அது தள்ள வேண்டிய இடங்களில் ஒன்று எர்த். அந்த வழியே இல்லாதபோது அதன் காவல் பாதிதான்.

முகப்புத்திண்ணை, கானாடுகாத்தான்

வேலை முடிந்தது. வளவுத் தண்ணீர் வெளியேறும் கல் தூம்புக்குப் பக்கத்தில் குழி. முதல் பைப்பில் மெக்கர் 5-ஐத் தாண்டியதால் இரண்டாவதும் இறக்கினோம், இப்போது 3.8 ஓம். பச்சை வயர் கேசிங் மேலேயே ஓடுகிறது, சுவரில் ஒரு கீறல் இல்லை. பெரியப்பா வீட்டார் தங்கள் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து இழுக்கச் சொல்லிவிட்டார்கள். மெயினில் நியூட்ரல் ஃபியூஸ் இருந்தது உண்மை. அதை எடுத்துவிட்டு இரண்டு கம்பியையும் சேர்த்து அறுக்கும் மெயின் ஸ்விட்சும் ஆர்சிசிபியும் போட்டாயிற்று.

ஃபேஸ்-எர்த் 229, நியூட்ரல்-எர்த் 1.6. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. மைக் இரைச்சலும் போய்விட்டது. எஸ்எம்பிஎஸ் பழையதேதான். அதற்கு எடுத்துவைத்த பணம் குழிக்குப் போனது. எல்லோருக்கும் நன்றி, ஒயர்மேன் அண்ணனுக்குத் தனியாக.

ஒயர்மேன் அண்ணன், திருப்பத்தூர் ரோடு

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆர்சிசிபியில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூர் பட்டதாரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது அலுமினிய உடம்பு லேப்டாப், சார்ஜ் போடும்போது விரல் தடவினால் ஒரு மாதிரி அதிர்கிறது. அடாப்டர் ரெண்டு பின்தான். இதுவும் அதுவா?

இயற்பியல் டீச்சர், தேவகோட்டை

காரணம் அதே வகைதான். அடாப்டருக்குள் மெயின் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஒய் கெபாசிட்டர் இருக்கும். ரெண்டு பின்னில் கசிவு போக வழி இல்லை. உங்கள் அடாப்டருக்கு மூன்று பின் கார்டு கிடைக்கிறதா என்று பாருங்கள், அதை எர்த் உள்ள சாக்கெட்டில் சொருகினால் அதிர்வு நின்றுவிடும். அதிர்வாக இல்லாமல் அடியாகவே உறைத்தால் அந்த அடாப்டரை மாற்றிவிடுங்கள்.