ஔவையார் படத்தைக் காட்டினேன், வகுப்பு கைவிட்டுப் போனது

கேட்டவர்: பயிற்சி டீச்சர்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்காகச் சிவகங்கைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், 23 பிள்ளைகள், பாயில்தான் உட்காருவார்கள்.

முதல் நாள் 40 நிமிடத்துக்கு எழுதிய பாடக்குறிப்பு 12 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரம் "டீச்சர், ஒன்னுக்கு" என்பதிலேயே போனது. ஒருவன் கேட்டால் ஒன்பது பேருக்கு வருகிறது.

புதன்கிழமைதான் பெரிய கூத்து. காலைச் சிற்றுண்டியில் பொங்கல் சாப்பிட்டுப் பாதிப் பேர் சொக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த மேடம் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உயிரெழுத்துப் படங்கள் எல்லாம் நானே வரைந்தவை. ஒட்டகம், ஓடம் வரை ஒழுங்காகப் போனது. ஔவையாரைத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை முடி, கையில் கோல். "இது யாரு?" என்றேன். முன்னால் இருந்த ஒரு பையன், "எங்க அப்பத்தா!"

அவ்வளவுதான், தூக்கம் எல்லாருக்கும் பறந்துவிட்டது. ஒருத்தியின் அப்பத்தா வெற்றிலை இடிக்குமாம், இன்னொருவனின் அப்பத்தாவை ஆடு முட்டிவிட்டதாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டேன். அப்புறம் அடக்கவே முடியவில்லை. கடைசியில் "உங்க டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்று நானே சொன்னேன். அப்போ நான் யாராம்?

மேடம் பதிவேட்டில் எழுதியது: "வகுப்புக் கட்டுப்பாடு இல்லை." நான் செய்தது தப்பா?

பதில்: சாக்பீஸ் அக்கா

தங்கச்சி, ஆடு முட்டிய கதை வரைக்கும் வந்த வகுப்பை நானாக இருந்தால் விட்டிருக்கவே மாட்டேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022-இலிருந்து அந்த மூன்று வகுப்பையும் சேர்த்தே எடுக்கிறேன். அதில் பழகியதைச் சொல்கிறேன்.

"அப்பத்தா" என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். அரும்பு நிலைப் பிள்ளைகள் வந்து 'அ', 'ப' இரண்டையும் வட்டமிடட்டும். மொட்டுப் பிள்ளைகள் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். மலர் நிலையில் யாராவது இருந்தால் ஆடு முட்டியதை இரண்டு வரி எழுதட்டும். ஔவையார் எங்கேயும் போய்விட மாட்டார், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்னுக்கு விஷயத்துக்கு ஒரு வளையல் போதும். கதவு ஆணியில் மாட்டிவிடு. அதைக் கையில் போட்டுக்கொண்டவர்தான் வெளியே போகலாம், திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர். ஆனால் அவசரம் என்று ஒரு பிள்ளை நெளிந்தால் சட்டம் பேசாதே, பாயை நீதான் அலச வேண்டியிருக்கும்.

பதில்: பழைய ஹெட்மாஸ்டர்

அந்த மேடத்தின் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன் அம்மா. எல்லாரும் பேசுகிற மாதிரி தெரிகிற வகுப்பில் ஐந்தாறு பேர்தான் பேசுவார்கள். மற்ற பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

2007-இல் செயல்வழிக் கற்றல், அதாவது அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கிற முறை, எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அட்டைகளைக் கண்டாலே எரிச்சல்படுவேன். ஆனால் அதோடு வந்த கீழ்மட்டக் கரும்பலகை எனக்குப் பிடித்துப்போனது. பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரோரமாக இருக்கும், ஆளுக்கொரு கட்டம். உங்கள் பள்ளியிலும் பெயிண்ட் மங்கியபடி இருக்கலாம், தேடிப் பாருங்கள். வாய் திறக்காத பிள்ளையை "உன் வீட்டுக் கிழவியை வரை" என்று அங்கே அனுப்புங்கள்.

"டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" மட்டும் இனி வேண்டாம். சாவியை நீங்களே அடுத்தவர் கையில் கொடுக்கிற மாதிரி.

பதில்: அதே பேட்ச்

நீயாவது சிரித்தாய். நான் முதல் நாளே அழுதுவிட்டேன். ஒரு குட்டிப் பெண் வந்து தன் பாவாடையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். எனக்கும் பதிவேட்டில் அதே வரிதான்.

கேட்டவர்: பயிற்சி டீச்சர்

ஹெட்மாஸ்டர் ஐயா சொன்னது சரி, நான் பார்க்கவில்லை. கீழ்மட்டப் பலகை இருந்தது. சத்துணவு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்க. மூட்டையை நகர்த்தி ஈரத்துணியால் துடைத்தோம். இத்தனை நாளில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத இரண்டாம் வகுப்புப் பெண், கிழவிக்குப் பதிலாக ஆட்டை வரைந்தாள். முட்டிய ஆடு அவர்கள் வீட்டு ஆடாம்.

வளையல் இரண்டே நாளில் காணாமல் போனது. கையில் போட்டதை மறந்து ஒருவன் வீட்டுக்கே போய்விட்டான். மறுநாள் காலை அவனுடைய அப்பத்தாவே முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை முடி, கையில் கம்பு. வாசலில் பார்த்ததும் 23 பேரும் ஒரே குரலில், "டீச்சர், ஔவையாரு!"