ஆள் தெளிவாகப் பேசும் அந்த இரண்டு நாள்: கம்பம், குமுளிப் பக்கத்து அனுபவங்கள்

ஆய்வகப் பணியாளர், கம்பம்

கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணிபுரிகிறேன். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறித் திரும்புகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தாருமே எங்களிடம் மிகுதியாக வருவதால், பாம்புக்கடி, பூச்சிமருந்து, எலிமருந்து ஆகிய மூன்றின் விளைவையும் ஒரே மேசையில் பார்த்து வருகிறேன். மூன்றிலும் நான் அஞ்சுவது ஒன்றைத்தான். உள்ளே ஒரு நொதியோ, ரத்தம் உறைய உதவும் புரதமான உறைதல் காரணியோ குறைந்துகொண்டிருக்கும் வேளையில் ஆள் தெளிவாகப் பேசுகிறார். வீட்டாரும் அதை நம்பி அழைத்துப் போய்விடுகிறார்கள்.

எலிமருந்துக் கட்டியைத் தின்றுவிட்ட ஓர் இளைஞரை அவருடைய அண்ணன் அழைத்து வந்திருந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பி.டி. பரிசோதனை அன்று எடுத்தபோது இயல்பாகவே இருந்தது. "ரிப்போர்ட் நார்மல்தானே, ஊருக்குப் போகலாமா?" என்று அண்ணன் கேட்டார். மருத்துவர் விடவில்லை, இரண்டு நாள் வைத்திருந்து மறுபடியும் ரத்தம் எடுக்கச் செய்தார். அந்த முடிவில் ஐ.என்.ஆர். பல மடங்கு ஏறியிருந்தது; பி.டி.யிலிருந்து கணக்கிடும் இந்த எண் ஏற ஏற ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பொருள். ஈறில் கசிவும் தொடங்கிவிட்டது.

கட்டியில் இருந்தது புரோமடியோலோன். 2, 7, 9, 10 ஆகிய எண்களுள்ள உறைதல் காரணிகளைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை மறுபடி பயன்படும் வடிவத்துக்குத் திருப்புவதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து முடக்குவது அந்த நொதியைத்தான். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காரணிகளை அது தொடுவதில்லை. புதிதாக உலை வைப்பது நின்றாலும் பானையில் இருக்கும் சோறு தீரும்வரை வீட்டில் பசி தெரியாதல்லவா, அப்படித்தான் இதுவும். ஏழாம் காரணி ஏறத்தாழ 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; இரண்டாம் காரணி பாதியாவதற்கு ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். முதல் நாள் ரிப்போர்ட் இயல்பாக இருப்பதற்கு இதுவே காரணம். மருந்து கல்லீரலில் நெடுநாள் தங்கிவிடுவதால் வைட்டமின் கே சிகிச்சையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது.

இதன் முன்னோடி வார்ஃபாரின். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்த வார்ஃபாரின் 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1950களில் மனிதர்களுக்கு மருந்தாகவும் ஆனது.

தேவாரம் ஊரிலிருந்து ஓர் உறுப்பினர்

ஐயா எழுதியது கட்டி மருந்தைப் பற்றியது. எங்கள் தெருவில் நடந்தது குழாயில் வரும் பசை மருந்தால். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதல் நாள் வாந்தி. அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எல்லாரும் தேறிவிட்டார் என்றே நினைத்தோம். அதன்பின் கண் மஞ்சளாகி, ஊசி போட்ட இடங்களில் ரத்தம் நிற்காமல் வந்தது. இதிலும் வைட்டமின் கே ஊசி போட்டார்கள், பலன் இல்லை. காரணிகளைச் செய்ய வேண்டிய கல்லீரல் செல்களே அழிந்துவிட்டால் வைட்டமின் மட்டும் என்ன செய்யும் என்று க.விலக்கு மருத்துவமனையில் எங்களுக்கு விளக்கினார்கள். இந்தப் பசைக்கு முறிவு மருந்து கிடையாது. எலிமருந்து என்று பொதுவாகச் சொல்லாமல், காலிக் குழாயையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தோட்ட மேற்பார்வையாளர், வண்டன்மேடு

ஏலச்செடியில் காய் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் பிடிக்கிறது. காய் எடுக்கிற பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகுக்குள் கையை விட வேண்டும். எங்கள் தோட்டத்தில் கூடலூர் அக்கா ஒருவரை விரலில் பாம்பு கடித்தது. ஒரு முழம் நீளம்கூட இருக்காது. "சின்னப் பாம்புதானே, சாயங்காலம் ஜீப் வரும்போது போய்க்கொள்கிறேன்" என்று சொன்னவரை உடனே வண்டி பிடித்து அனுப்பினோம்.

மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்தபோது, தண்ணீர்போல ஓடியது. கண்ணாடி விரியன் என்று கருதி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். 6 மணி நேரம் கழித்துப் பார்த்தும் ரத்தம் உறையவில்லை. பிறகு நான் கைபேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். மலையாளிகள் முழமூக்கன் என்று சொல்லும் குழிவிரியன் அது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கே உரியது. முழமூக்கனின் விஷத்தை அது முறிக்காது. மருந்தை நிறுத்திவிட்டு, பிளாஸ்மா ஏற்றி, சிறுநீரகத்தைக் கவனித்தே அவரைத் தேற்றினார்கள். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நேரத்தைச் செலவிட வேண்டாம்; எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஆய்வகப் பணியாளர், கம்பம்

அந்த 6 மணி நேரக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி விரியனின் விஷம் காரணிகளைத் தடுப்பதில்லை. ஐந்தாம், பத்தாம் காரணிகளை அளவுமீறித் தூண்டி, உறைகட்டியாக மாற வேண்டிய புரதமான பைப்ரினோஜன் முழுவதையும் செலவழித்துவிடுகிறது. எஞ்சிய ரத்தம் அதனால்தான் உறைவதில்லை. மருந்து விஷத்தை முறித்தபின் கல்லீரல் புதிதாகக் காரணிகளைச் செய்து தர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இதே விஷத்தை நீர்த்த நிலையில் பல்குழியில் ரத்தம் கசிந்த ஹீமோபீலியா (ரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறைபாடு) நோயாளிகளுக்குத் தடவி, 1934இல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் கசிவை நிறுத்திக் காட்டினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

குழாய் கண்ணாடியாகவும் புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்புத்தான் பன்னிரண்டாம் காரணியைத் தூண்டி உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று, தேவையற்ற மருந்தை ஏற்ற வைத்துவிடக்கூடும்.

போடியிலிருந்து ஓர் உறுப்பினர்

என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரை நடக்கிறது. வயிற்றுப்போக்குக்காகக் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தார்கள். சில நாளில் தொடையில் நீலத் திட்டுகள் தோன்றின. அசிட்ரோமைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்த மாத்திரை மந்தப்படுத்தியதால் ஐ.என்.ஆர். ஏறியிருந்தது. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் அசிட்ரோம் அட்டையை முதலில் காட்டுகிறோம்.

என் தம்பி ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறான். அவனுக்குக் கோலினெஸ்டரேஸ் (பூச்சிமருந்து பாதிக்கும் ஒரு நொதி) பரிசோதனை எப்போது எடுப்பது நல்லது, ஐயா?

ஆய்வகப் பணியாளர், கம்பம்

மருந்தடிப்புத் தொடங்குவதற்கு முன்பு ஒரு முறை எடுத்துவிடுங்கள். குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்குகின்றன. ஆனால் இதன் இயல்பான அளவே ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், தம்பியின் சொந்த அளவு தெரியாமல் பின்னால் எடுத்த முடிவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிளாஸ்மாவில் உள்ள நொதி கல்லீரலில் உருவாவது. கல்லீரல் நோயிலும் அது குறையும் என்பதால் மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்பதையும் சொல்லுங்கள். சிவப்பணுவில் உள்ள நொதி, புது அணுக்கள் உருவாக உருவாகத்தான் மீளும். அதற்கு மூன்று, நான்கு மாதம்கூட ஆகும். எனவே ஒரு சுற்று அடித்துவிட்டு உடல் நன்றாக இருக்கிறது என்று அடுத்த சுற்றுக்குப் போகும்போது, முந்தைய குறைவின் மேலேயே அடுத்த குறைவு சேருகிறது. வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கண் மங்கல், மார்பில் சளி இரைச்சல் இவற்றில் எது தோன்றினாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், நனைந்த சட்டையைக் கழற்றி உடம்பை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியின் லேபிளோடு நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.