மாடித்தோட்ட வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா? எப்படிச் சோதிப்பது?

மாடிப்பந்தல்:
குரோம்பேட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். நாற்றுக்குக் கோகோபீட்டோடு கலக்க வாங்கிய வெர்மிகுலைட் பாதி மூட்டை மீதமிருக்கிறது. சாக்கில் கம்பெனி பெயரே இல்லை. தம்பி அமெரிக்காவில் வீடு பார்க்கப் போனபோது பரண் முழுக்க வெப்பத்தடுப்புக்குப் போட்ட இதே பொன்னிறத் துகள் கிடந்ததாம். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தொடாதீர்கள் என்றார்களாம். என் ஆறு வயதுப் பையன் இதைக் கையால்தான் கலப்பான். நேற்றிலிருந்து தூக்கமே இல்லை.

பாறைக்காரன்:
அக்கா, வெர்மிகுலைட் வேறு, ஆஸ்பெஸ்டாஸ் வேறு. ஆஸ்பெஸ்டாஸ் என்பது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம். வெர்மிகுலைட் சூட்டில் பொரி மாதிரி விரியும் கனிமம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்தில் பாறையிலேயே ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. 1990இல் மூடிவிட்டார்கள். அதுவரை அமெரிக்கப் பரண்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சரக்குதான் போனது. நம் பக்கம் திருப்பத்தூர் அருகே தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெர்மிகுலைட் வெட்டியெடுக்கிறது. உங்கள் மூட்டை எங்கிருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள்.

லேப்வாசி:
கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. லேபுக்குக் கொடுப்பதானால் மேலாக ஒரு பிடி அள்ளாதீர்கள். நார் கனமானது, மூட்டையின் அடித்தூளில்தான் தங்கும். தண்ணீர் தெளித்து, அடியிலிருந்து தூளோடு எடுத்து இரண்டு ஜிப் கவரில் போடுங்கள். துணி மாஸ்க் போதாது. வெர்மிகுலைட் என்று லேபில் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் தண்ணீரில் மிதப்பதை ஒதுக்கிவிட்டு, அடியில் தங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செலவு மூட்டை விலையைத் தாண்டிவிடும். நானாக இருந்தால் சோதிக்காமல், மூட்டையையே பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுவேன். அது சரி, மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மாடிப்பந்தல்:
மாடியில் ஷீட் கொட்டகையில். வர்தா புயலில் ஷீட் விரிசல் விட்டது. சாக்கின் மேல் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருக்கிறது.

லேப்வாசி:
அக்கா, எனக்கு மூட்டையைவிட அந்த ஷீட்தான் கவலை. பழைய சிமெண்ட் ஷீட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தே செய்வார்கள். நம் நாட்டில் அதற்கு இன்னும் தடை இல்லை. முழு ஷீட் சும்மா இருந்தால் பெரிய ஆபத்தில்லை. உடைந்தால், அறுத்தால், துளை போட்டால்தான் நார் காற்றில் கலக்கும். அந்தச் சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கவரில் கட்டுங்கள். விரிசல் ஓரத்தில் உதிர்ந்த சில்லு ஏதாவது இருந்தால் நனைத்து அதைச் சோதனைக்குக் கொடுங்கள். ஷீட்டைக் கழற்ற ஆள் வந்தால் சுத்தியல் வேண்டாம். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

மாடிப்பந்தல்:
சரி தம்பி. சாக்கை நனைத்து இரண்டு கவரில் கட்டிவிட்டேன். சில்லு ஒன்று கிடைத்தது, திங்கட்கிழமை லேபுக்குப் போகும். மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன்.