தவணைத் தேதியை ஐந்திலிருந்து பத்துக்கு மாற்றிய அனுபவம்

கோவை இல்லத்தரசி:

என் கணவர் பழைய வேலையை விட்டுச் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தபோது, சம்பளம் கூடிய மகிழ்ச்சியில் அது வரும் நாள் மாறியதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு மாதத்தின் கடைசி வேலைநாளிலேயே பணம் கணக்கில் ஏறிவிடும். புதிய இடத்தில் 7 ஆம் தேதி. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் 7 ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்றுதான் 1936 ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வகுத்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கடன் தவணை 5 ஆம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படும்.

முதல் இரண்டு மாதங்கள் சேமிப்பிலிருந்து ஈடுகட்டினோம். மூன்றாம் மாதத்தில் 5 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. விடுமுறை நாளில் எடுக்க மாட்டார்கள், கையிலிருக்கும் ரொக்கத்தைத் திங்கள் காலையில் கிளையில் கட்டிவிடலாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அது பழைய வழக்கம். தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நாங்கள் இன்னும் ஈ.சி.எஸ். என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதன் இப்போதைய வடிவமான 'நாச்', 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு உட்பட எல்லா நாள்களிலும் இயங்குகிறது என்பதை, கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். கணக்கு வைத்திருந்த வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்த நிறுவனம் வேறொரு கட்டணமும் போட்டன. இரண்டின் மேலும் ஜி.எஸ்.டி. சேர்ந்தது. பணம் கையில் இருந்தும் தண்டம் கட்டியதுதான் மனத்தை அதிகம் வருத்தியது.

மறுவாரமே தேதியை மாற்றித் தரும்படி கடன் நிறுவனத்தின் கிளைக்குச் சென்று கேட்டேன். நாம் விரும்பும் எந்த நாளையும் கேட்க முடியாது. 5, 10, 15 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். பத்தைத் தேர்ந்தேன். விண்ணப்பக் கடிதம், தவணையைக் கணக்கிலிருந்து எடுக்க அனுமதி தரும் புதிய நாச் படிவம் (கணவரின் கையொப்பத்துடன்), ரத்து செய்யப்பட்ட காசோலை ஆகியவற்றைக் கொடுத்ததோடு, தள்ளிப்போகும் 5 நாள்களுக்கான வட்டியையும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்போது எங்கள் நிலுவை 18 லட்சம், வட்டி 9 விழுக்காடு. ஓர் ஆண்டின் வட்டியான 1,62,000 ரூபாயை 365 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்கினால் 2,219 ரூபாய் வருகிறது. அவர்கள் சொன்ன தொகையும் அதுவே என்பதால் மறுபேச்சின்றிக் கட்டினேன். இது ஒரே ஒரு முறை கட்டும் தொகை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டது நல்லதாயிற்று.

இத்தோடு முடிந்தது என்று நினைத்ததுதான் என் தவறு. கடன் நிறுவனத்தின் பதிவேட்டில் தேதி மாறிவிட்டது. எங்கள் வங்கியில் பதிவாகியிருந்த பழைய அனுமதியோ அப்படியே உயிரோடு இருந்தது. அடுத்த மாதம் 5 ஆம் தேதி பழைய அனுமதியின் பேரில் ஒரு தவணையும், 10 ஆம் தேதி புதிய அனுமதியின் பேரில் இன்னொரு தவணையும் எடுக்கப்பட்டன. சேமிப்பு முழுவதும் அதிலேயே கரைந்து, அந்த மாதம் மளிகைக் கடையில் கணக்கு எழுதிவைக்கச் சொல்லும் நிலை வந்தது. கடன் நிறுவனத்தின் கிளையில் வாய்மொழியாகக் கேட்டபோது, கூடுதல் தொகையை அசலில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அசல் குறைவதன்று, வீட்டுச் செலவுக்குப் பணம். ஆகவே இரண்டு பற்றுகளும் தெரியும் கணக்கு அறிக்கையை இணைத்து, பணத்தைக் கணக்கிலேயே திருப்பித் தரும்படி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது. 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று கடிதத்தின் கடைசி வரியில் நான் குறிப்பிட்டிருந்தது அந்த வேகத்துக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

ஸ்ரீரங்கம் ஓய்வூதியர்:

சகோதரி, உங்கள் அனுபவத்தைப் படித்தபோது என்னுடையது எவ்வளவு எளிதாக முடிந்தது என்று தோன்றியது. எனக்கு ஓய்வூதியம் மாத இறுதியில் வரும். மின்சார மீட்டரில் கணக்கெடுப்பதோ இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை, மூன்றாம் தேதியை ஒட்டி நடக்கும். அதிலிருந்து 20 நாள்களுக்குள் கட்ட வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி வரை இருக்கிறதே என்று விட்டுவைப்பேன். மருந்துச் செலவெல்லாம் போக அந்த நாளில் கை காய்ந்திருக்கும். தேதியை மாற்ற முடியுமா என்று மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் கேட்டேன். ஒரு தெருவின் மீட்டர்களையெல்லாம் ஒரே சுற்றில் குறிப்பதால் ஒருவருக்காக மட்டும் நாளை மாற்ற இயலாது என்று பொறுமையாக விளக்கிய ஊழியர், முன்பணமாகக் கட்டி வைக்கலாமே என்றார். இப்போது ஓய்வூதியம் வந்த மறுநாளே 1,500 ரூபாய் கட்டிவிடுகிறேன். பில் வரும்போது அதில் கழிந்துவிடுகிறது.

கணக்கெடுக்கும் நாளை ஐந்தாறு நாள் தள்ளிப்போடச் சொல்வது நமக்கே பாதகமாகவும் முடியலாம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தின்படி, 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் ஒன்று 2.25 ரூபாய், 500 ஐத் தாண்டிய வீட்டுக்கு அதே யூனிட் 4.50 ரூபாய் என்று இருந்தது. அந்தக் கட்டணத்தில், கோடையில் 490 இல் நின்றிருக்க வேண்டிய வீடு, நாள் கூடி 500 ஐத் தாண்டியதாலேயே 225 ரூபாயை அந்த நூறு யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்திருக்கும். 500 க்கு மேற்பட்டவற்றின் கட்டணம் தனி.

ஆவடிவாசி:

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு, எரிவாயு, மளிகை அனைத்தும் கடன் அட்டை வழியாகவே போகின்றன. அட்டையின் பில் சுற்றைக் குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி நமக்கு அளித்திருப்பதால், மாற்றுவதில் தொல்லை இருக்கவில்லை. பில் போடும் நாளை 15 இலிருந்து 22 க்கு மாற்றினேன். ஜூன் 16 முதல் ஜூலை 22 வரை 37 நாள் செலவு ஒரே பில்லில் வந்து விழுந்தது. பள்ளி திறந்த மாதத்தின் புத்தகம், சீருடை, வேன் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். கெடு நாளும் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று என்பது உண்மைதான். தொகையைப் பார்த்தபோது அந்த ஒரு வாரம் பெரிதாகத் தெரியவில்லை. செலவு குறைவான மாதமாகப் பார்த்து மாற்றியிருக்கலாம்.

சகோதரி, பழைய அனுமதியை நீங்கள் எங்கே ரத்து செய்தீர்கள்? கடன் நிறுவனத்திலா, வங்கியிலா?

கோவை இல்லத்தரசி:

இரண்டு இடங்களிலும் கடிதம் கொடுத்தேன் ஐயா. கடன் நிறுவனம் பதிலே தரவில்லை. வங்கியில் பழைய அனுமதியின் எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுத்த கடிதத்தின் பேரில் மூன்று வேலைநாள்களில் ரத்தானது. அந்த எண் பழைய தவணைகள் எடுக்கப்பட்ட வரியிலேயே, கணக்கு அறிக்கையில் இருந்தது. புதிய அனுமதி பதிவானதாகக் குறுஞ்செய்தி வரும் வரை மட்டும் காத்திருங்கள். அதற்கு முன் பழையதை ரத்து செய்தால் அந்த மாதத் தவணையை நேரில் சென்று கட்ட வேண்டியிருக்கும்.