பேய்ப்பட ட்ரெய்லர் கட் பண்றேன், பயமே வரமாட்டேங்குது. எங்க தப்பு பண்றேன்?

ஸ்ரீராமபுரம் எடிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல பகல் பூரா கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி சொந்த வேலை, அதான் நம்ம பொழப்பு. நாலு பேர் சேர்ந்து 18 நிமிஷம் ஓடற ஒரு பேய்க் குறும்படம் முடிச்சிருக்கோம். எங்க வட்டாரத்துல காவேரி தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நடுராத்திரிதான் வரும், அந்த நேரத்துல குழாயடியில ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கிட்டு குடத்தோட நிக்கறாங்க, யாரு வீட்டு ஆளுன்னு ஒருத்தருக்கும் தெரியல, எவ்ளோ நேரம் பிடிச்சாலும் அவங்க குடம் மட்டும் நிறையவே நிறையாது. அவ்ளோதான் கதை. படம் பார்த்துட்டு எங்க அத்தை ஒரு வாரம் ராத்திரி தண்ணி பிடிக்க வரல.

ஆனா ட்ரெய்லர் கட் பண்ணா உயிரே இல்ல. 1 நிமிஷம் 50 செகண்ட் ஓடுது, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பேக்ரவுண்ட் மியூசிக், அஞ்சு ஜம்ப் ஸ்கேர் (திடீர்னு சத்தத்தோட தூக்கிப் போடற இடம்), 25வது செகண்ட்லயே அந்த அம்மா முகம் வந்துடுது. ஹெட்ஃபோன்ல கேட்டா எனக்கே ஒடம்பு அதிருது, பசங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா "நல்லாருக்கு மச்சா"ன்றானுங்க. பயந்திருந்தா அப்படி சொல்லமாட்டாங்கல்ல. ரெண்டு மாசமா இதே தான் பண்ணிட்டிருக்கேன், யாராச்சும் சொல்லுங்க.

சவுண்டு டேபிள்:

தம்பி, நான் 11 வருஷமா சவுண்டு மிக்ஸிங்ல இருக்கேன். மொதல் பிரச்சினை நீயே சொல்லிட்ட, ஹெட்ஃபோன்ல அதிருது, போன்ல அதிரல. 40, 50 ஹெர்ட்ஸ்ல நீ போட்டிருக்கற அந்த அடி உறுமல் எல்லாம் போன் ஸ்பீக்கர்ல வரவே வராது, உன் பசங்க கேட்டது நீ மிக்ஸ் பண்ணின ட்ரெய்லரே இல்ல. அந்த உறுமலுக்கு மேல தகரம் கீறற மாதிரி, குடம் உரசற மாதிரி ஒரு சத்தத்தை சேர்த்து வை, போன்லயும் காதுல ஏறும். மிக்ஸை ஒரு தடவையாச்சும் போனை டேபிள்ல வெச்சு கேட்டுப் பாரு.

ரெண்டாவது, மியூசிக்கை ஆரம்பத்துலேர்ந்தே ஓட விட்டா பயம் எங்கேர்ந்து வரும்? மியூசிக் இருக்கற வரைக்கும் ஆளுங்களுக்கு இது சினிமான்னு தெரியும், தைரியமா உக்காந்திருப்பாங்க. அது நின்னதும்தான் நாம தனியா மாட்டிக்கிட்டோம்னு தோணும். ஆனா நிறுத்தறேன்னு டைம்லைன்ல வெறும் ஓட்டை விட்டுடாத, அப்படி விட்டா ஃபோன்ல நெட் போயிடுச்சுன்னு நினைப்பாங்க. ஃபேன் ஓடற சத்தம், குழாய்ல தண்ணி, தூரத்துல ஒரு நாய், இதுங்களை மொதல்லேர்ந்தே மெல்லிசா வெச்சிரு. யாரும் கவனிக்க மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எடு, கடைசியா தண்ணி சத்தத்தை எடு. தண்ணி நின்னுச்சுன்னா உங்க வட்டாரத்துல எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கல்ல, பாக்கறவனும் அப்படித்தான் திரும்புவான்.

ரைசர்னு மேல ஏறிக்கிட்டே போற சத்தம் ஒண்ணு போட்டிருப்ப. அதுல ஷெப்பர்ட் டோன்னு ஒரு வகை இருக்கு, 1964ல ரோஜர் ஷெப்பர்டுன்றவர் எழுதினது, பல ஸ்தாயி சத்தத்தை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, மேல இருக்கறது மங்கறப்போ கீழ புதுசா ஒண்ணு சேரும், அதனால ஏறிக்கிட்டே இருக்கற மாதிரி காதுக்கு தோணும், ஆனா எங்கயும் போய்ச் சேராது. 20 செகண்ட் போட்டுப் பாரு, வயித்தைப் பிசையும். ஆனா ஒரே ஒரு தடவை.

லாவண்யா பால்கனி:

எனக்கு எடிட்டிங் தெரியாது தம்பி, டிக்கெட் வாங்கற ஆளு நானு. சின்ன வயசுலேர்ந்து லாவண்யா தியேட்டர்ல தமிழ்ப் பேய்ப்படம் ஒண்ணு விட்டதில்ல. எந்த ட்ரெய்லர் என்னை தியேட்டருக்கு இழுத்துச்சுன்னு யோசிச்சா எல்லாத்துலயும் ஒரு விதி இருந்துச்சு. சத்தம் போட்டா சாவு, 'எ கொயட் ப்ளேஸ்' 2018ல. லைட் அணைச்சா வரும், 'லைட்ஸ் அவுட்' 2016ல. இவ்ளோதான் ட்ரெய்லர் சொல்லும், ஆனா ராத்திரி நம்ம வீட்டுல சுவிட்ச் போர்டு பக்கத்துல போய் நிக்கறப்போ அது ஞாபகம் வந்துடும். பேய் எப்படி இருந்துச்சுன்னு மறுநாள் மறந்துடுது, அந்த விதி மட்டும் மறக்கவே மாட்டேங்குது.

நம்ம பெங்களூருக்கு இது புதுசா? 90கள்ல "நாளே பா"ன்னு கதவுல எழுதி வெச்சோமே. ஒரு பேய் ராத்திரி வந்து கதவைத் தட்டும், வீட்டு ஆளுங்க கொரல்லயே பேர் சொல்லிக் கூப்பிடும், திறந்தா போச்சு, அதனால நாளைக்கு வான்னு கன்னடத்துல எழுதி வெச்சா படிச்சுட்டு போயிடும், மறுநாளும் வந்து அதையே படிக்கும். எங்க கதவுல அம்மா சாக்பீஸ்ல எழுதினாங்க, நான் தினம் ராத்திரி அழிஞ்சிருக்கான்னு பாத்துட்டுதான் படுப்பேன். அந்தப் பேயை யாரும் பார்த்ததே இல்ல, ஊரே பயந்துச்சு. 'ஸ்த்ரீ'ன்னு ஹிந்திப் படம், 2018ல இதைத்தான் எடுத்து வேற ஊருக்குக் கொண்டு போனாங்க. உங்க படத்துல என்ன விதின்னு ட்ரெய்லர்ல சொன்னீங்களா?

ஸ்ரீராமபுரம் எடிட்டர்:

அக்கா, படத்துல இருக்கு, ட்ரெய்லர்ல இல்ல. "முன்னாடி நிக்கறவங்களை யாருன்னு கேக்காத"ன்னு ஒரு பாட்டி சொல்லும். டயலாக் மெதுவா இருக்குன்னு நான்தான் தூக்கிட்டேன். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

ஆனா ஒரு சந்தேகம். முகத்தை காட்டவே இல்லன்னா ஒண்ணுமே இல்லாத படம்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடமாட்டாங்களா? எங்ககிட்ட ஸ்டார் கிடையாது, அந்த மேக்கப்புக்கே 6,000 ரூபா ஆச்சு.

அல்சூர் ப்ரொஜெக்டர்:

மேக்கப்புக்கு காசு செலவு பண்ணினதாலயே அதை ட்ரெய்லர்ல குடுத்துடாத மச்சா, அதுக்குத்தானே படத்துக்கு வருவாங்க.

'தி ஷைனிங்' டீசரை தேடிப் பாரு, 1980 படம். ஒரே ஷாட், கேமரா அசையாது, மூடின லிஃப்ட் கதவு, மேல எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், அப்புறம் ரத்தம் கொட்டும். ஆளையே காட்டல, கதையையும் சொல்லல. 'ஏலியன்' 1979 ட்ரெய்லர்ல ஒரு டயலாக் கிடையாது. 'தி கான்ஜூரிங்' 2013ல கண்ணைக் கட்டிக்கிட்டு கைதட்டற விளையாட்டு, இருட்டுலேர்ந்து ரெண்டு கை வந்து தட்டும், அவ்ளோதான், பேய் முகம் வேணாம், அந்த கைதட்டலை இன்னிக்கும் ஜனம் பேசுது. 2009ல 'பேராநார்மல் ஆக்டிவிட்டி' ட்ரெய்லர்ல இன்னொரு வேலை பண்ணினாங்க, படத்தைவிட தியேட்டர்ல இருட்டுல உக்காந்திருக்கற ஜனத்தை இருட்டுலயும் தெரியற நைட் விஷன் கேமராவுல எடுத்துக் காட்டினாங்க, ஸ்டார் இல்லாத படம்தான் அதுவும். பக்கத்து சீட்டுக்காரன் பயப்படறதைப் பார்த்தா நமக்கு ஒட்டிக்குது, கூட்டத்தோட போய் பாக்கணும்னு தோணுது. உங்க அத்தை படம் பார்த்தப்போ வீடியோ எடுத்திருந்தா, அவங்க சம்மதிச்சா, அதுல மூணு செகண்ட் போடு. அந்த 6,000 ரூபா மேக்கப்பைவிட அது வேலை செய்யும்.

அந்த அஞ்சு ஜம்ப் ஸ்கேரைப் பத்தியும் சொல்லியாகணும். திடுக்கிடறது வேற, பயம் வேற. திடீர்னு சத்தம் வந்தா யாரா இருந்தாலும் ஒடம்பு துள்ளும், அதுல உன் சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல. 2018ல 'தி நன்'னுக்கு யூட்யூப்ல ஒரு குட்டி விளம்பரம், வால்யூம் குறையற மாதிரி ஐகானைக் காட்டிட்டு திடீர்னு கத்தும், ஜனம் கோபப்பட்டு யூட்யூபே அதை எடுத்துடுச்சு. எனக்கும் அது பிடிக்கல, நம்பி உக்காந்தவனை அறையற மாதிரி இருக்கு. ஆனா இருட்டுல இருக்கறவன் அதே சத்தத்துக்கு இன்னும் அதிகமா துள்ளுவான்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க, அதனால மொதல்ல பயத்தை ஏத்து, அப்புறம் ஒண்ணே ஒண்ணு வை, டைட்டில் கார்டு வந்து எல்லாரும் மூச்சு விட்டதுக்கப்புறம்.

சவுண்டு டேபிள்:

டைட்டிலுக்கு அப்புறம்ன்றதை நானும் ஒத்துக்கறேன். ஆனா தம்பி, அதை கத்தலா வைக்காம குடம் தரையில வைக்கற சத்தமா வெச்சுப் பாரேன். நங்குன்னு ஒண்ணு. முன்னாடி இருக்கறது போதுமான அளவு அமைதியா இருந்தா அதுவே இடி மாதிரி இருக்கும். தியேட்டர்ல ட்ரெய்லருக்கு சத்தம் அளக்கறப்போகூட சராசரியைத்தான் பாக்கறாங்க, முன்னாடி அமைதியா வெச்சவனுக்குத்தான் கடைசில ஓங்கி அடிக்க இடம் மிச்சம் இருக்கும்.

தியேட்டர்ல ஓட்டற எண்ணம் இருந்தா ட்ரெய்லருக்கும் தனியா சென்சார் சர்டிஃபிகேட் வாங்கணும், அதை இப்பவே கணக்குல வெச்சுக்கோ.

ஸ்ரீராமபுரம் எடிட்டர்:

நேத்து ராத்திரி பூரா உக்காந்து மாத்தினேன். 1 நிமிஷம் 5 செகண்டுக்கு வந்துடுச்சு. மொதல் ஷாட் வரிசையா குடம், சத்தம் வெறும் தண்ணிதான். பாட்டி டயலாக் திரும்ப வந்துடுச்சு. முகம் போயிடுச்சு, முதுகு மட்டும்தான். ஒரு சின்னப் பொண்ணு "நீங்க யாரு"ன்னு கேக்கும், அங்க தண்ணி நிக்குது, டைட்டில், அப்புறம் குடம் நங்குன்னு. அத்தை வீடியோ போட வேணாம்னு சொல்லிட்டாங்க, சரின்னு விட்டுட்டேன்.

போனை டேபிள்ல வெச்சு அவங்களுக்கே போட்டுக் காட்டினேன். அவங்க ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் சமையல்கட்டுல குழாயை இறுக்கி மூடிட்டு வந்தாங்க.