ஒரே இரவில் ஏழு கோழி: பொறி வைப்பதா, கூண்டை மாற்றுவதா?

வரப்போரம்:
நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கூண்டைத் திறந்தால் ஏழு கோழி செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை, எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. அதில் ஒன்று அடைகோழி. குஞ்சு பொரிய நான்கு நாள்தான் இருந்தது. பசிக்கு ஒன்றைத் தூக்கிப் போயிருந்தால் பொறுத்திருப்பேன், இது வெறி. பின்பக்கச் சுவரோரம் ஒரு கீரி தினமும் மத்தியானம் திரிகிறது. அதற்குத்தான் பொறி வாங்கி வந்திருக்கிறேன். அகப்படாவிட்டால் கறித்துண்டில் மருந்து வைக்கலாம் என்றிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடுகட்டி:
அடைகோழி போனது பெரிய இழப்பு, அண்ணே. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அடைத்து விடியுமுன் திறந்திருக்கிறீர்கள். கீரி பகலில் நடமாடுவது. இருட்டில் வந்தது மரநாயாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கண்ணில் பட்டது என்பதற்காகக் கீரியைப் பிடித்தால், வந்தது மறுபடியும் வரும்.

வெறி என்பதும் சரியில்லை. வெளியே ஒரு கோழியைப் பிடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். கூண்டுக்குள் ஓட வழியில்லை. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். எதிரில் இரை இருக்கும்வரை இந்தப் பிராணிகள் பிடித்துக்கொண்டே இருக்கும், அது அவற்றின் இயல்பு.

மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கறியைத் தின்பது உங்கள் நாயாக இருக்கலாம். செத்ததைத் தின்ன வரும் கழுகும் சாகும்.

மேட்டுக்காடு:
மருந்து கூடாது என்பதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். பொறி கூடாது என்றால் ஒப்ப மாட்டேன். முப்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். ஒருமுறை ருசி கண்ட பிராணி விடாது, கூண்டைச் சுற்றிச் சுற்றி வழி தேடும். பத்துக் கோழி வைத்திருப்பவர் கோட்டை கட்ட முடியுமா? கூண்டுப் பொறியில் பிடித்துத் தூரத்தில் விட்டால் அதுவும் பிழைக்கும், கோழியும் பிழைக்கும்.

கூடுகட்டி:
தூரத்தில் விட்டால் பிழைக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது, ஐயா. தண்ணீர் எங்கே, பதுங்க இடம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருப்பது இதை விரட்டும். பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் அவை இங்கேயே பட்டினியில் சாகும். நானும் ஒரு மரநாயைப் பிடித்து அப்படி விட்டவன்தான். மூன்றே வாரத்தில் வேறொன்று அதே ஓட்டை வழியாக வந்து மூன்று கோழியைக் கொன்றது. ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும்.

வரப்போரம் அண்ணே, கூண்டில் என்ன வலை?

வரப்போரம்:
கடையில் கோழி வலை என்று தருவார்களே, அறுகோண ஓட்டை உள்ளது. அதுதான்.

கூடுகட்டி:
அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான சதுர ஓட்டை வலை, போடுங்கள். வெறும் ஆணியில் மாட்டினால் பிடுங்கிவிடும், வாஷரோடு திருகாணி போடுங்கள். அடியில் அதே மெஷை இரண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும், அங்கே கம்பி தடுத்தால் இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கோட்டை வேண்டாம், ஐயா. இரவில் தங்கும் பெட்டி மட்டும் இப்படி இருந்தால் போதும்.

செம்போத்து:
பகலையும் யோசியுங்கள். நாள் முழுக்க அடைத்து வைத்துப் பாதுகாப்பது எனக்குப் பிடிக்காது, கோழி மண்ணைக் கிளறாமல் என்ன வாழ்க்கை? புதர் நிறைய இருக்கட்டும், பருந்து வந்தால் ஓடி ஒளியலாம். நல்ல சேவல் வானத்து ஆபத்துக்கு ஒரு குரலும் தரை ஆபத்துக்கு வேறு குரலும் கொடுக்கும், கோழிகள் அதற்கேற்பப் பதுங்கும். இரவில் தீவனத்தை வெளியே விடாதீர்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

மேட்டுக்காடு:
சேவல் குரல் கொடுக்கும், குஞ்சு ஓடுவதற்குள் பருந்து தூக்கிவிடும். எத்தனை குஞ்சு பறிகொடுத்திருக்கிறேன்! குஞ்சு வளரும்வரை மேலே வலை இல்லாமல் விடக் கூடாது. மெஷ் விஷயம் சரி, அது எனக்கும் தோன்றவில்லை. ஆனால் மெஷைப் போட்டு முடிக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு ராத்திரி மிச்சக் கோழிக்கு யார் பொறுப்பு?

செம்போத்து:
நாலு ராத்திரி வீட்டுக்குள் அடைக்கலாமே, ஐயா. மூடிய அறையோ காற்றுப் போகும் பெரிய பெட்டியோ போதும்.

வரப்போரம்:
இப்போதுதான் கூண்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கப் பலகைக்கு அடியில் நான்கு விரல் அகலத்துக்கு மண் தோண்டியிருக்கிறது. பலகை விளிம்பில் கருஞ்சாம்பல் மயிர் ஒட்டியிருக்கிறது, கீரி மயிர் மாதிரி இல்லை. மிச்சம் உள்ள ஐந்தும் இன்று ராத்திரி சாமான் அறையில். நாளைக்கு மெஷ் வாங்கப் போகிறேன். பொறியைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை, ஐயா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கீரிக்கு வைக்க மாட்டேன்.